நாலாவது கண்ணாடி

குட்டத்துத் தேரியில் பிறந்தவளுக்கு
வெக்கையை விரட்டத்தான் தெரியும்.
மொட்டைமாடிக்கு நாலு குடம் தண்ணி,
ஜன்னலுக்கு ஈரச்சாக்கு,
முதுகுக்கு வெறும் சிமெண்டுத் தரை.
சூட்டை உள்ளே பிடித்துவைக்கவும்
ஒரு வித்தை வேண்டுமென்று
முப்பத்தொரு வயசில் தெரிந்தது.

டிசம்பர் பாதியில்
கல்லிடைக்குறிச்சியில் பஸ் ஏறி,
மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டி,
மாஞ்சோலை, நாலுமுக்கு எல்லாம் தாண்டி
ஊத்தில் இறங்கினேன்,
புது நர்ஸ், கையில் குவாட்டர்ஸ் சாவி.
கொண்டுபோனது ஒரே போர்வை.
கல்யாணத்துக்கு யாரோ வைத்தது,
மயில் போட்டது, மெல்லிசு.

முதல் ராத்திரி
என் காது எனக்குச் சொந்தமில்லாமல்
தலையணைமேல் கிடந்தது.
தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கல்லானது.
தகரத்திலிருந்து பனி சொட்டுவதை எண்ணினேன்.
நானூறு வரை நினைவிருக்கிறது.

மறுநாள் அட்டைக்கடிக்கு மருந்து கட்ட வந்த ஆவுடைத்தங்கம்
என் மூக்கைப் பார்த்தே கேட்டாள்:
"மேல போத்துனது கெடக்கட்டும் சிஸ்டர்,
கீழ என்ன விரிச்சிய?"
கட்டில் வெளிச்சுவரை ஒட்டியா என்றாள்.
ஆமா என்றேன்.
"அந்தச் சுவரு பகலெல்லாம் குளிரக் குடிச்சிட்டு
ராத்திரி பூரா கக்கும்லா."
சொல்லிவிட்டுத்
தன் பழைய கம்பளியை இருநூறு ரூபாய்க்கு எனக்கு விற்றாள்.
நூற்றைம்பதுக்குக் கேட்டேன், படியவில்லை.

கட்டிலை நடுவீட்டுக்கு இழுத்தேன்.
கீழே இரண்டு கோதுமைச்சாக்கு,
அதற்குமேல் மருந்து வந்த பெட்டியின் அட்டை.
அட்டையில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி.
சரி என்று அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்தேன்.
கதவடியில் பழைய சேலையைப் பாம்பாகச் சுருட்டி வைத்தேன்.
காலியான குளுக்கோஸ் பாட்டிலில் வெந்நீர்,
அதற்கு அவருடைய சாக்ஸ் ஒன்றை மாட்டி
காலடியில் போட்டுக்கொண்டேன்.
ஜோடியில் மற்றது தமாமில் இருக்கிறது.

ஜன்னலில் ஆறு கண்ணாடி.
மைதாப் பசை காய்ச்சி,
பழைய பேப்பரைக் கிழித்து
ஓட்டை ஓட்டையாக அடைத்துக்கொண்டே வந்தேன்,
ராசிபலன் ஒரு பக்கம், வரன் தேவை ஒரு பக்கம்.
ஐந்து முடிந்தது.
நாலாவதில்தான் மூலை உடைந்திருந்தது.
அந்த மூலைக்கு வெளியே கையை நீட்டினால்தான்
போனில் ஒரு கோடு வரும்.
வீட்டில் வேறெங்கும் வராது,
குளியலறை ஸ்டூல்மேல் ஏறியும் பார்த்தாச்சு.

அதனால் அதற்குமட்டும் துணிப்பந்து.
பத்து மணிக்குப் பிடுங்குவேன்.
ஸ்பீக்கரில் போட்டு, போனை வெளியே பிடித்தபடி,
இருட்டைப் பார்த்துப் பேசுவேன்.
பொன்சிங் அங்கே
பதினெட்டில் ஏசி வைத்து
ரெண்டு போர்வை போர்த்தியிருப்பதாகச் சொல்வார்.
எனக்குச் சிரிப்பு வரும், பல்லும் தந்தியடிக்கும்.
வைத்தபின் அறை மறுபடி சூடேற
ஒரு மணி நேரம்.

ஒருநாள்
தம்பி லோடு ஆட்டோ வாங்க
என் வளையல் ரெண்டையும் கேட்டார்.
எந்த வளையல், யார் போட்ட வளையல் என்று தொடங்கி
கொழுந்தனின் பழைய கடன், மாமியாரின் கண் ஆபரேஷன்,
ஞானஸ்நானத்தன்று என்னைப் பார்க்காமல் போனது வரைக்கும்
ஒன்றுவிடாமல் எடுத்தேன்.
எதிர் லயத்தில் விளக்கு ஒன்று எரிந்தது.
பிறகு இன்னொன்று.
கோடு போய், வந்து, போய்,
"வை போனை" என்று நான் சொன்னது
அவருக்குக் கேட்டதோ என்னவோ.

விடிந்து பார்த்தால்
மயில் போர்வை தரையில்.
கம்பளி தரையில்.
சாக்ஸ் போட்ட பாட்டில் கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது,
துணிப்பந்து இன்னும் என் கையில்.
நாலாவது கண்ணாடி வழியாக
மூடுபனி உள்ளே வந்து
நாற்காலியில் என் யூனிஃபார்மை நனைத்திருந்தது.

காலையில் ஆவுடைத்தங்கம் வாசலிலேயே நின்று கேட்டாள்:
"வளையலக் குடுத்துறாதிய, என்ன?"